நீலப் பென்சில் அடித்த பத்தி

நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் அந்த மருத்துவ ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு டைப்ரைட்டர்தான் உருப்படியாக இருந்தது. மற்றவற்றைப் பட்டாளத்துக்காரர்கள் லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். புது ரிப்பன் கிடையாது. பழைய ரிப்பனிலேயே எண்ணெயும் விளக்குக்கரியும் தடவி ஓட்டினோம். புதுத் தாளும் கிடையாது. வெள்ளைக்காரர் காலத்து அறிக்கைகள் அலமாரி அலமாரியாகக் கிடந்தன. அவற்றின் பின்பக்கத்தில்தான் ஜப்பான்காரர் காலத்து அறிக்கைகளை அடித்தேன்.

அது நாற்பத்து மூன்றாம் வருடம். எனக்கு இருபது வயது. அப்பா அம்மா இருவரும் சண்டைக்கு முன்பே இறந்துவிட்டார்கள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அண்ணன், அண்ணி, தங்கை நான் என்று மூன்று பேர். அண்ணன் என்ஜினில் கரி போடுகிற ஃபயர்மேன். கரி வராமல் போனதால் ரப்பர் விறகை வெட்டிப் போட்டு ரயில் ஓட்டிக்கொண்டிருந்த காலம். சர்க்கார் வேலையில் இருப்பவருக்கு அரிசிக் கூப்பன் கொஞ்சம் கூடுதல் என்று சொன்னார்கள். சண்டைக்கு முன் ஆறு மாதம் டைப்பிங் படித்திருந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை, அந்தக் கூப்பனுக்காகத்தான் போனேன்.

என்னை வேலைக்கு எடுத்தவர் ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர். நாற்பது வயதைத் தாண்டியவர், ஒல்லி, எப்போதும் சட்டைப்பையில் மடித்த கைக்குட்டை. வெள்ளைக்காரர் காலத்தில் பதினைந்து வருடம் அங்கே இரண்டாம் நிலையில் இருந்தவர். அவர் எழுதிய அறிக்கைகள் வேறொருவர் கையெழுத்தோடுதான் வெளியே போகும். அந்த வெள்ளைக்காரர் இப்போது சிங்கப்பூரில் கைதி. அவருடைய அறையில் ஒரு ஜப்பானிய ராணுவ டாக்டர் வந்து உட்கார்ந்திருந்தார். மேஜர். நாங்கள் அவரைப் பெரிய டாக்டர் என்போம். எங்கள் டாக்டர் அதே பழைய அறையில், அதே மேசையில் இருந்தார். கையெழுத்துப் போடுகிறவர்தான் மாறியிருந்தார்.

வேலையில் சேர்ந்த இரண்டாம் மாதம். நான் அடித்துக் கொடுத்த மாத அறிக்கை மேலிருந்து திரும்பி வந்தது. பக்கத்துக்குப் பக்கம் நீலப் பென்சில் வட்டங்கள்.

"பிள்ளை, இதைத் திருப்பி அடிக்க வேணும்" என்றார் டாக்டர்.

"எழுத்துப் பிழையா டாக்டர்?"

"இல்லை. பெரிபெரி எண்டு எழுதக்கூடாதாம். அந்த வருத்தம் இந்த நாட்டிலை இல்லையாம்."

யாழ்ப்பாணத்தார் நோயை வருத்தம் என்றுதான் சொல்வார்கள். பெரிபெரி என்றால் கால் மரத்துப்போய், வீங்கி, நெஞ்சு படபடத்து, கடைசியில் மனிதன் சாய்ந்துவிடும் நோய். தவிடு போகத் தீட்டிய வெள்ளை அரிசியை மட்டும் தின்றால் வரும். எங்கள் ஆட்களுக்கு அது வராது என்றுதான் பழைய அறிக்கைகள் சொல்லின. ஏனென்றால் நாங்கள் சாப்பிட்டது ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த புழுங்கலரிசி. சண்டை வந்ததும் கப்பல் நின்றுபோனது. கூப்பனுக்குக் கிடைத்தது வண்டு விழுந்த வெள்ளை அரிசி. அதுவும் மாதத்தில் பாதி நாளுக்குத்தான். மீதி நாளெல்லாம் மரவள்ளிக்கிழங்கு. குவார்ட்டர்ஸில் வீட்டுக்கு ஒருவர் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார்.

சாப்பாட்டுக் குறைவால் வருகிற நோயை எழுதினால், சாப்பாடு குறைவு என்று எழுதியது மாதிரி. அதை எழுத ராணுவ நிர்வாகம் விடாது. "கால் சோர்வு" என்று போடச் சொன்னார்கள். நான் கால் சோர்வு என்றே அடித்தேன். கூப்பன் வேண்டுமே.

டாக்டர் விடவில்லை. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வீடு வீடாகப் போய் இந்தக் கால் சோர்வை ஆராய வேண்டும், தவிட்டிலிருந்து மருந்து காய்ச்சிக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று நாலு பக்கத்துக்கு ஒரு திட்டம் எழுதினார். மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்தி, பால் கொடுக்கும் தாய்மாரைப் பற்றியது. தாய்க்கு வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவள் பாலைக் குடிக்கும் கைக்குழந்தைக்குத் திடீரென்று வந்துவிடும். பால் கக்கும், உதடு சாம்பல் நிறமாகும், அழும். அழுவது முகத்தில் தெரியும், ஆனால் சத்தம் வராது. கார்பன் தாள் தேய்ந்து போனதால் அந்தப் பக்கத்தை மூன்று முறை அடிக்க வேண்டியிருந்தது. அதனால் அது மனப்பாடமாகிவிட்டது.

திட்டம் ஒரு வாரத்தில் பெரிய டாக்டரிடமிருந்து திரும்பியது. அந்தப் பத்தி முழுவதன் மேலும் குறுக்கே நீலக் கோடு. கூடவே எதையெதை ஆராயலாம் என்று ஒரு பட்டியல். விமான நிலையத்தைச் சுற்றியுள்ள மலேரியா, முகாம்களில் வயிற்றுக்கடுப்பு, காட்டுக்குள் போகிற சிப்பாய்களுக்கு வரும் காய்ச்சல். அவ்வளவுதான்.

"முதலிலை சிப்பாய், பிறகு மற்றாக்கள் எண்டு சொல்லுறார்" என்றார் டாக்டர், பெரிய டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்து.

அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்ததாக இப்போது சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் வரவில்லை. பின்பக்கம் அடிப்பதற்காகப் புரட்டும்போது பழைய அறிக்கைகளின் முன்பக்கத்தையும் படித்துக்கொண்டுதான் இருந்தேன். தோட்டத்து மலேரியா, ஈயச் சுரங்கத்துக் கூலிகள், சிறைக் கைதிகளின் சாப்பாடு, இவைதான் அவற்றில் இருந்தன. யாருடைய உழைப்பு தேவைப்பட்டதோ அவர்களின் ரத்தத்தைத்தான் வெள்ளைக்காரர்களும் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். முன்பு ரப்பர் முதலில், இப்போது சிப்பாய் முதலில். இதை இப்படிச் சொல்லிப் பார்க்கும் அறிவு எனக்குப் பல வருடம் கழித்துத்தான் வந்தது. அன்றைக்கு அந்தத் தாளையும் அடுக்கில் வைத்துவிட்டு, பின்பக்கம் காலியாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

ஆனால் டாக்டருக்கு ஒரு சலுகை கிடைத்தது. புறாக்களை வைத்துத் தவிட்டு மருந்தைச் சோதித்துக்கொள்ளலாம் என்றார்கள். வெள்ளை அரிசி மட்டும் கொடுத்தால் புறாவுக்கும் அந்த நோய் வரும். கழுத்து பின்னால் வளைந்து விழுந்துவிடும். புறாவுக்கு வந்தால் யாருக்கும் அவமானமில்லை.

தவிடு வாங்குவதற்காகக் கிள்ளானில் ஒரு நெல் ஆலைக்குப் போனோம். கடிதத்தையும் ரசீதையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப் போனார். ரயில் நின்று நின்று போனது. ஆலை ஆற்றங்கரையில் இருந்தது. வாசலில் தவிட்டு மூட்டைகள் மலையாகக் கிடந்தன. கணக்கப்பிள்ளை ஒரு முஸ்லிம் தமிழர், தொண்டியோ மண்டபமோ, அந்தக் கடற்கரைப் பக்கத்துப் பேச்சு.

"தவிடெல்லாம் பட்டாளத்துப் பன்னிப் பண்ணைக்குப் போயிருதுங்க" என்றார். "ஒரு பிடி வெளிய குடுத்தாலும் என் தலை போயிரும். ஒங்க கடுதாசியில என்ன போட்டிருக்கு?"

"புறாவுக்கு எண்டு போட்டிருக்கு" என்றார் டாக்டர்.

"எத்தன புறா?"

"பன்ரெண்டு."

"பன்னெண்டு புறாவுக்கு ரெண்டு மூட்டையா டாக்டர்?"

"நல்லாச் சாப்பிடும்" என்றார் டாக்டர், முகம் மாறாமல்.

கணக்கப்பிள்ளை அவரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கடிதத்தில் முத்திரை இருப்பதைப் பார்த்தார். ரெண்டு மூட்டையை இழுத்துப் போடச் சொன்னார். திரும்பி வருகிற வழியில், ஸ்டேஷன் தாண்டியதும் டாக்டர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் அவரும் பயந்திருந்தார் என்று தெரிந்தது.

தவிட்டை ஊறவைத்து, வடித்து, வற்றக் காய்ச்சினால் வெல்லப்பாகு மாதிரி ஒரு கறுப்புக் கஷாயம் வரும். கசப்பும் புளிப்புமாக இருக்கும். கழுத்து வளைந்து கிடந்த புறாவுக்கு அலகைத் திறந்து நாலு சொட்டு விட்டால், சாயந்திரத்துக்குள் எழுந்து நிற்கும். நானே பார்த்தேன்.

அதற்குப் பிறகு ரயில்கள் தாமதமாக ஓட ஆரம்பித்தன. குண்டு விழுந்ததாலோ தண்டவாளம் உடைந்ததாலோ அல்ல. ஃபயர்மேன்களால் நிற்க முடியவில்லை. விறகைத் தூக்கிப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுகிறார்கள். என் அண்ணனும் அப்படித்தான். வேலை முடிந்து வந்தால் வாசற்படி ஏறச் சுவரைப் பிடிப்பான். "கால் இருக்கிற மாதிரியே தெரியல பாப்பா" என்பான். ரயில்வேயைக் கவனித்த ராணுவ அதிகாரி கத்தியதாகக் கேள்விப்பட்டோம். மறுநாள் பெரிய டாக்டர் எங்கள் டாக்டரைக் கூப்பிட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். "பிள்ளை, அந்தத் திட்டத்தைத் திரும்ப அடிக்கப் போறம். தலைப்பு வேறை. ரயில்வே ஃபயர்மேன்களின் வேலைத்திறனைக் கூட்டுவது எப்படி."

அதே தவிடு, அதே கஷாயம். நோயின் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. இரண்டே நாளில் சிவப்பு முத்திரையோடு அனுமதி வந்தது. என்ஜின் நிறுத்தும் இரண்டு ஷெட்டுகளில் ஒரு ஷெட்டுக்கு முதலில் கஷாயம், ஒரு மாதம் கழித்து மற்ற ஷெட்டுக்கு. அண்ணன் பெயர் முதல் ஷெட்டில் வந்தது. நான்தான் பெயர்ப் பட்டியலை அடித்தேன். என் கையால் எதையும் மாற்றவில்லை. மாற்றியிருப்பேனா என்று கேட்டால், மற்ற ஷெட்டில் வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஒரு நிபந்தனையும் இருந்தது, அதையும் நானே அடித்தேன். கஷாயத்தை ஷெட்டிலேயே, ஆள் முன்னால் குடிக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. மனைவிக்கோ பிள்ளைக்கோ கொடுக்கக் கூடாது. அப்படிக் கொடுத்தால் வேலைத்திறன் எவ்வளவு கூடியது என்று தெரியாமல் போகும். பாட்டில்கள் பெரிய டாக்டர் அறையில் பூட்டிய அலமாரியில் இருக்கும்.

மூன்று வாரத்தில் அண்ணன் சுவரைப் பிடிக்காமல் படி ஏறினான். அண்ணி சாமியைக் கும்பிட்டாள். அவளுக்கு அப்போது மூன்று மாதக் கைக்குழந்தை, ஆண் குழந்தை. அவள் சாப்பிட்டதெல்லாம் மரவள்ளியும் அந்த வெள்ளை அரிசிக் கஞ்சியும். அரிசியில் பெரிய பங்கு அண்ணனுக்கு, அடுத்தது எனக்கு. நான்தானே வேலைக்குப் போகிறவள்.

ஒரு காலையில் நான் புறப்படும்போது அண்ணி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் முந்தைய நாளே கெமாஸுக்கு ரயிலில் போயிருந்தான்.

"பாப்பா, இங்க வந்து பாரேன். ராத்திரியெல்லாம் பாலக் கக்கிட்டான். இப்ப அழறான். ஆனா சத்தம் வரல."

குழந்தையைப் பார்த்தேன். முகம் சுருங்கி, வாய் முழுக்கத் திறந்திருந்தது. கண்ணோரம் ஈரம். தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது. உதடு சாம்பல் பூத்திருந்தது. மூன்று முறை அடித்த பத்தி அப்படியே மடியில் கிடந்தது.

"அண்ணி, எந்திரிங்க."

"ஆஸ்பத்திரிக்கா?"

"இல்ல, எங்க ஆபீஸுக்கு."

அவளால் நடக்க முடியவில்லை. அது வரை அவள் அதைச் சொல்லவே இல்லை. ரிக்‌ஷா பிடித்தேன். மேட்டில் ரிக்‌ஷாக்காரர் இறங்கித் தள்ளினார். ஆய்வுக்கூட வாசலில் சிப்பாய் நின்றான். தலை குனிந்து வணங்க வேண்டும். குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டே குனிந்தேன். என்னை விட்டான். அண்ணியிடம் பாஸ் இல்லை, அவளை விடவில்லை. அவள் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். "நீ போ, நீ போ" என்று கையை மட்டும் ஆட்டினாள்.

டாக்டர் குழந்தையைப் பார்த்ததும் வாங்கிக்கொண்டு நேராகப் பெரிய டாக்டர் அறைக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். அனுமதி இல்லாமல் அந்த அறைக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை.

பெரிய டாக்டருக்கு இங்கிலீஷ் படித்துத் தெரியும், பேசிப் பழக்கமில்லை. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைப்பார். குழந்தையை மேசை மேல் படுக்க வைத்து நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். நிறைய நேரம் கேட்டார்.

"யாருடைய குழந்தை?"

"ஃபயர்மேனுடையது" என்றார் டாக்டர். "பரிசோதனையில் இருக்கிற ஃபயர்மேன்."

"பரிசோதனையில் குழந்தைகள் இல்லை."

"இல்லை, ஐயா. அந்தப் பத்தியை நீங்கள் அடித்துவிட்டீர்கள்."

அந்தக் காலத்தில் இதைவிடச் சின்னப் பேச்சுக்கெல்லாம் கன்னத்தில் அறை விழும். பெரிய டாக்டர் எங்கள் டாக்டரைப் பார்த்தார், பிறகு குழந்தையைப் பார்த்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவரே அலமாரியைத் திறந்தார். ஒரு பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இன்றைக்கு ஒரு பாட்டில் குறையும்" என்றார் டாக்டர். "உடைந்துவிட்டது என்று எழுதட்டுமா?"

"வேண்டாம். பரிசோதனைக்குப் பயன்பட்டது என்று எழுதுங்கள்." கொஞ்சம் யோசித்து, "தாய் எங்கே?" என்று கேட்டார். சொன்னேன். அவரே ஜன்னலுக்குப் போய் வாசல் சிப்பாயைப் பார்த்து ஏதோ கத்தினார். அண்ணியை உள்ளே கூட்டி வந்தார்கள்.

புறா அறையில் இடம் கொடுத்தார்கள். அண்ணி சாக்கின் மேல் உட்கார்ந்தாள். டாக்டர் கஷாயத்தைச் சூடான தண்ணீரில் கலந்து, புறாவுக்குச் சொட்டு விடும் கண்ணாடிக் குழாயாலேயே குழந்தையின் உதட்டோரம் விட்டார். முதலில் வழிந்தது. பிறகு நாக்கு அசைந்தது. அண்ணிக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். அவள் அதைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். அந்தச் சுளிப்பைப் பார்த்து எனக்கு ஏனோ தைரியம் வந்தது.

பகல் முழுவதும் மணிக்கு ஒரு முறை கொடுத்தோம். நான் இடையிடையே போய் டைப் அடித்துவிட்டு வந்தேன். என்ன அடித்தேன் என்று தெரியாது. மூன்று மணி போல அண்ணி என்னைக் கூப்பிட்டாள். குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. விட்டுவிட்டுத்தான் குடித்தது, ஆனால் கக்கவில்லை. உதட்டில் சாம்பல் நிறம் குறைந்திருந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். மாலையில் மிச்சப் பாட்டிலைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்.

மறுநாள் விடிந்து, கிணற்றடியில் பெண்கள் வாளி வைக்கிற சத்தம் கேட்கிற நேரம், குழந்தை அழுதது. தொண்டை கட்டியவன் பாடுகிற மாதிரி முதலில் கரகரவென்று ஒரு சத்தம். பிறகு வீடே கேட்கும்படி. அண்ணன் அப்போதுதான் வேலை முடிந்து வரிசை வீடுகளைத் தாண்டி வந்துகொண்டிருந்தான். அழுகையைக் கேட்டு, என்னவோ ஏதோ என்று ஓடி வந்தான். உள்ளே வந்தால், அண்ணி சிரித்துக்கொண்டிருக்கிறாள். நான் அழுதுகொண்டிருக்கிறேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஏன் அழவிட்டு வேடிக்க பாக்கறீங்க? பாலக் குடு" என்றான்.

"இன்னுங் கொஞ்சம் அழட்டுங்க" என்றாள் அண்ணி.

நடந்ததையெல்லாம் சொன்னதும் அவன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். இந்த முறை கால் சோர்வால் அல்ல.

அதற்கு அடுத்த வாரம் பெரிய டாக்டர் எங்கள் டாக்டரைக் கூப்பிட்டுப் பேசியபோது குறிப்பு எடுக்க நானும் இருந்தேன். அவர் குறிப்பு எடுக்க வேண்டாம் என்று கை காட்டிவிட்டுச் சொன்னார். அவருடைய நாட்டிலும் இந்த நோய் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொண்டுபோனதாம். கடற்படை டாக்டர்கள் சாப்பாடுதான் காரணம் என்று வாற்கோதுமை கலந்து கொடுத்து நிறுத்தினார்களாம். தரைப்படையின் மூத்த டாக்டர்கள் பல வருடம் அதை ஒத்துக்கொள்ளவில்லையாம். ஏன் என்று டாக்டர் கேட்டார்.

"கண்டுபிடித்தது கடற்படை" என்றார் அவர். "நான் தரைப்படை."

பிறகு அவர் கேட்டார், குழந்தை செத்தால் ஃபயர்மேன் வேலைக்கு வருவானா? வரமாட்டான் என்றார் டாக்டர். மனைவி படுத்துவிட்டால்? விடுப்புக் கேட்பான். "அப்படியானால் அது வேலைத்திறன்தான். எழுதுங்கள்" என்றார்.

எழுதினோம். தாய், குழந்தை, பால் என்ற சொற்கள் ஒன்றும் இல்லை. "பணியாளரைச் சார்ந்தோரின் நிலை பணியாளரின் வேலைத்திறனைப் பாதிக்கும், ஆகவே சார்ந்தோருக்கும் அளவு வழங்கப்படும்." அதற்கும் முத்திரை வந்தது. பன்றிப் பண்ணை அதிகாரி தவிடு குறைகிறது என்று சண்டை போட்டாராம். ரயில் முக்கியமா பன்றி முக்கியமா என்று மேலே கேட்டார்களாம். ரயில் ஜெயித்தது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பிழைத்தது இப்படித்தான். ரயிலுக்கும் பன்றிக்கும் நடந்த வழக்கில் நாங்கள் ரயில் பக்கம் இருந்தோம்.

குவார்ட்டர்ஸில் பால் கொடுக்கும் பெண்களுக்கெல்லாம் தினம் கஷாயம் வந்தது. ஆனால் குவார்ட்டர்ஸோடு நின்றுபோனது. தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த சலவைக்காரர் வீட்டுக்குக் கிடையாது, அவர்கள் யாரையும் சார்ந்தோர் இல்லை. கிள்ளானுக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அண்ணியின் அக்கா இருந்தாள். கணவனை ஜப்பான்காரர்கள் சயாம் காட்டில் ரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள், அங்கே போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. அவளுக்கும் கைக்குழந்தை. தோட்டத்தைச் சேர்க்க டாக்டர் இரண்டு முறை எழுதினார். இரண்டு முறையும் நீலப் பென்சில்.

"ரப்பர் இப்ப ஆருக்கும் தேவையில்லை" என்றார் டாக்டர். "அதாலை அந்தச் சனமும் தேவையில்லை."

பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார். "கஷாயம்தான் வேணுமெண்டில்லை. தவிட்டைச் சலிச்சு வறுத்துச் சாப்பிட்டாலும் போதும். இதை நான் எழுதேலாது. நீர் சொல்லலாம்."

சொன்னேன். கிணற்றடியில்தான் முதலில் சொன்னேன். தவிட்டை வறுத்து, தேங்காய்ப்பூவும் கிடைத்தால் கொஞ்சம் வெல்லமும் சேர்த்து உருண்டை பிடித்தோம். அடுத்த முறை கிள்ளான் ஆலைக்குப் போனபோது, கடிதத்தில் ஐந்து மூட்டை, லோரியில் ஆறு ஏறியது. கணக்கப்பிள்ளை எண்ணிக்கொண்டுதான் நின்றார். எண்ணத் தெரியாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். ஆறாவது மூட்டையைத் தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயன் வீடுகளில் இறக்கினோம். அண்ணியின் அக்காவும் குழந்தையும் பிழைத்தார்கள். பக்கத்து லயனில் இரண்டு குழந்தைகள் நாங்கள் போவதற்கு முந்தின வாரமே போய்விட்டிருந்தன. அந்தத் தாய்மாரில் ஒருத்தி உருண்டையை வாங்கிக்கொண்டாள். மற்றவள் வாங்கவில்லை.

நாற்பத்தைந்தில் ஜப்பான்காரர் போனார்கள். பெரிய டாக்டர் என்ன ஆனார் என்று தெரியாது. கைதியாகக் கொண்டுபோனார்கள் என்று மட்டும் தெரியும். வெள்ளைக்காரர்கள் புதுக் காக்கிச் சட்டையோடு திரும்பி வந்தார்கள். யார் யார் எதிரிக்கு உதவினார்கள் என்று ஒவ்வொரு ஆபீஸிலும் விசாரணை. எங்கள் டாக்டர் முறை வந்தது. எதிரியின் ரயிலை ஓட்டுவதற்கு ஆட்களின் பலத்தைக் கூட்டியவர் என்று அவர் மேல் எழுதியிருந்தார்கள். பொய்யில்லை. தலைப்பே அப்படித்தான் இருந்தது. நான் அடித்த தலைப்பு.

விசாரித்த அதிகாரி இளம் வயதுக்காரர், களைத்துப் போயிருந்தார். டாக்டர் மறைக்கவில்லை. "அந்த ரயில்கள்தான் எங்கள் ஆட்களைச் சயாமுக்குக் கொண்டு போயின. எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். வேறு பெயரில் அனுமதி கிடைக்கவில்லை" என்றார்.

அதிகாரி என்னையும் கூப்பிட்டார். தாய்மாருக்கும் கொடுத்தோம் என்றேன். காகிதத்தில் அப்படி இல்லையே என்றார். காகிதத்தில் வைத்திருந்தால் கொடுத்திருக்க முடியாது என்றேன். யார் சாட்சி என்றார். குவார்ட்டர்ஸில் கேட்டுப் பாருங்கள் என்றேன்.

அவர் போய்க் கேட்கவில்லை. கிணற்றடியில் நான் சொன்னதைக் கேட்டு மறுநாள் அவர்களே வந்துவிட்டார்கள். அண்ணி, பக்கத்து வீட்டு அக்கா, தெலுங்குக்காரம்மா, இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர், பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வராந்தாவில் நின்றார்கள். அதிகாரி வெளியே வந்து பார்த்தார். அண்ணிதான் முன்னால் வந்து பேசினாள், தமிழில். நான் இங்கிலீஷில் சொன்னேன்.

"இந்தப் பிள்ளைங்க இருக்கறது அவராலதான். அவர என்ன செய்யப் போறீங்கன்னு கேளு பாப்பா."

அதிகாரி உள்ளே போனார். அரைமணி நேரம் கழித்து டாக்டரைக் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து வழக்கம் போல வேலைக்கு வரலாம் என்றார். தவிட்டு வேலை தொடருமா என்று டாக்டர் கேட்டாராம். இல்லை, இனித் தோட்டத்து மலேரியாதான் முதலில், உலகத்துக்கு ரப்பர் வேண்டும் என்றாராம். டாக்டர் இதை எங்களிடம் சொன்னபோது சிரித்துவிட்டார். அதற்கு முன் அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அதற்குள் துறைமுகத்தில் அரிசிக் கப்பல் வந்துவிட்டது என்று சேதி வந்திருந்தது. அவருக்கு அது போதும்.

பெண்கள் பேசிக்கொண்டே மேட்டில் இறங்கிப் போனார்கள். டாக்டர் படிக்கட்டில் உட்கார்ந்து சட்டைக் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். மூன்று வருடம் நேராக உட்கார்ந்திருந்த மனிதர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"பிள்ளை, கோப்பி குடிப்பமோ?" என்றார்.

"இப்பவா? இன்னும் அஞ்சு மணி ஆகலையே டாக்டர்."

"எந்த ஊர் மணி? தோக்கியோ மணியிலை எப்பவோ முடிஞ்சுது" என்றார். ஜப்பான்காரர் இருந்தவரை எங்கள் கடிகாரங்களெல்லாம் தோக்கியோ நேரத்தில், ஒன்றரை மணி முன்னால்தான் ஓடின.

எதிரே சீனன் கடையில் போய் உட்கார்ந்தோம். கோப்பியில் கருக வறுத்த சோளம்தான் பாதி. டாக்டர் இரண்டு கோப்பை குடித்தார். நான் ஒன்று.